வாக்குத்தத்த அட்டையில் ஓர் எழுத்து

தட்டு சாதாரண எவர்சில்வர் தட்டுதான், தாம்பூலம் வைத்துக் கொடுக்கிற அளவு. அதன்மேல் லேஸ் வைத்த வெள்ளைத் துணியை விரித்து, அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய் ஓர் அட்டையை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பாஸ்டர் ஐயாவிடம் கொடுத்தால் அவர் சத்தமாக வாசித்து, தலையில் கைவைத்து ஜெபித்துத் திருப்பித் தருவார். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குக் கொடுக்கும் வாக்குத்தத்தம்.

இந்தச் சொல்லைக் கேள்விப்படாத வாசகர்கள் வாக்குறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வாக்குறுதி என்றால் தேர்தலுக்கு வருவது. இது வேறு.

எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் லூர்து நின்றிருந்தார். கல்யாணத்தின்போது தைத்த பேன்ட்டைப் போட்டிருந்தார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டு இறுக்கியிருந்தார். அந்தச் சபைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

சபை என்று பெரிதாக நினைக்க வேண்டாம். திருவொற்றியூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்த வாடகை ஹால். கீழே மில் ஓடினால் மேலே பெஞ்சு அதிரும். மிளகாய்த்தூள் அரைக்கிற நாளில் ஜெபக் கூட்டம் வைத்தால், யார் உருகி அழுகிறார்கள், யாருக்குக் கண் எரிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அன்றைக்கு மில் மூடியிருந்தது. நெடி மட்டும் சுவரில் ஊறிப்போய்க் கிடந்தது.

அவர் சும்மா வரவில்லை. தெருமுனையிலேயே கண்டிஷன் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

"அட்டை எடுப்போம். நல்லதா வந்தா பொட்டி இருக்கட்டும். இல்லன்னா காயலான் கடைல போட்டுடுவேன். அப்பால நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

காயலான் கடை என்றால் பழைய இரும்புக் கடை. பெட்டி என்று அவர் சொன்னது கட்டிலுக்கு அடியில் கிடந்த அவருடைய டூல்ஸ் பெட்டியை. ஆண்டவரோடு பந்தயம் கட்டுகிற மாதிரி இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். அவரை மாடிப்படி ஏற வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் முறை வந்தது. கையைப் பேன்ட்டில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் இருந்த அட்டையை எடுத்தார். பாஸ்டர் ஐயா வாங்கி ஒரு பார்வை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. வேதத்தில் அவருக்கு மனப்பாடமாக இருந்த வசனங்களில் அதுவும் ஒன்று.

"வெட்டுக்கிளி பட்சித்த வருஷங்களின் விளைவை உங்களுக்குத் திரும்ப அளிப்பேன்!" என்று ஹாலே கேட்கும்படி வாசித்தார். "பிரதர், இதுக்கு மேல ஆண்டவரு ஒங்களுக்கு என்ன சொல்லணும்?"

ஹால் முழுக்க ஆமென் என்றது. எங்கள் கதை அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அத்தனை வசனங்கள் இருக்க, வருஷங்களைப் பறிகொடுத்தவர் கையில் இந்த வசனம் வந்து விழுந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன்.

அவர் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து அட்டையைத் தானே ஒரு தடவை படித்தார். பிறகு கடைசி வார்த்தைக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து என்னிடம் நீட்டினார்.

'திரும்ப அழிப்பேன்' என்று அச்சடித்திருந்தது.

"அயிச்சது பத்தாதாம் ஸ்டெல்லா," என்றார் மெதுவாக. "திரும்ப அயிக்கிறாராம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயந்தேன்.

பூட்டு

அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அந்தச் சுவர் தெரியும். அவர் அங்கே ஃபிட்டர். எந்த மெஷின் நின்றாலும் முதலில் கூப்பிடுகிற ஆள்.

செல்போனில் மிஸ்டு கால் கொடுத்தே ஜனங்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவர்கள் கேட்டில் பூட்டைப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு நோட்டீஸ். லாக்அவுட். ஒரு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்றார்கள். பிறகு பொங்கலுக்குள் என்றார்கள். எந்தப் பொங்கல் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் வருஷம் தினமும் கேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். சாலை முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் ஸ்டவ் பற்றவைத்துச் சாலையோரத்திலேயே சமைப்பார்கள். இவர் சட்டை காலரெல்லாம் கரியோடு வருவார். வேலை செய்துவிட்டு வந்த மாதிரியே இருக்கும். எனக்கும் அது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது.

இரண்டாம் வருஷம் யூனியன் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள் அடித்துக்கொண்டது. இவர் கேட்டுக்குப் போவதை நிறுத்தினார். மூன்றாம் வருஷம் தெருவுக்குப் போவதையே நிறுத்தினார். நான் மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதுதான் அவரைத் தின்றது. 'வாத்தியாரம்மா வூட்டுக்காரரு' என்று தெருவில் யாரோ அடையாளம் சொன்னதை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அந்த வசனம் வரும் தீர்க்கதரிசன புஸ்தகத்தில் பூச்சிகளைப் பற்றி ஒரு விவரம் இருக்கிறது. ஒரு பூச்சி விட்டுவைத்ததை இன்னொரு பூச்சி தின்றதாம், அது விட்டதை வேறொன்று தின்றதாம். வயல் வரப்பைப் பார்த்திராத எனக்கும் அது நன்றாகப் புரிந்தது. பூட்டு விட்டதை யூனியன் சண்டை தின்றது. சண்டை விட்டதைத் தெருப்பேச்சு தின்றது. மிச்சமிருந்த மனுஷனை அவரே தின்றுகொண்டிருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பூசைக்குப் போய் வளர்ந்தவர்கள். லாக்அவுட் வந்த பிறகு பக்கத்து வீட்டு மீன்கார பேபி அக்கா என்னை இந்த மாடிச் சபைக்குக் கூட்டிப்போனார். 'செபம்' என்று சொல்லிப் பழகிய வாய் 'ஜெபம்' என்று சொல்லப் பழகியது. என் அம்மாவுக்கு அந்த ஓர் எழுத்து மாறியதே பெரிய குறை. ஞாயிறு காலை கோயில், சாயங்காலம் சபை என்று இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கிடைக்கவில்லை.

வாயப்பயம்

கொஞ்சம் வழி விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இதில் விஷயம் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சினிமாவில் காமெடியனுக்கும் ரவுடிக்கும் மட்டும் கொடுக்கிற பாஷை. நாங்கள் வீட்டில் பேசுவது அதுதான். எங்கள் வாயில் 'ழ' நிற்காது. வழுக்கிக்கொண்டு 'ய' ஆகிவிடும். வாழைப்பழம் வாயப்பயம். மழை மயை. கோழி கோயி. பொழப்பு பொயப்பு.

டீச்சர் டிரெயினிங்கில் என்னை எழுப்பி நிறுத்தி 'ஏழைக் கிழவி' என்று சொல்லச் சொல்வார்கள். நான் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். வீம்புக்குக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்து மடித்துக் கற்றுக்கொண்டேன். கல்யாணமான புதிதில் இவருக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். "நாக்கை உள்ள மடிச்சு மேல தொடாம சொல்லுங்க, பழம்." அவர் நாக்கை மடிப்பார், கண்ணையும் இடுக்கிக்கொள்வார், கடைசியில் "பயம்" என்பார். "எனுக்கு துன்னத்தான் தெரியும், ஆள வுடு" என்று வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு போய்விடுவார். ஆனாலும் நான் விடவில்லை. சாப்பிடும்போது, பஸ்ஸில், விருந்தாளி முன்னால் எல்லாம் திருத்திக்கொண்டே இருந்தேன்.

பாஸ்டர் ஐயா தெற்கத்திக்காரர். அட்டைகளை அச்சடித்துக் கொடுத்த அச்சாபீஸ் அண்ணாச்சியும் அந்தப் பக்கம்தான். அவர்கள் 'ழ'வை 'ள' ஆக்குவார்கள். வாளப்பளம், மள, கோளி. அது கொஞ்சம் மரியாதையான தப்பு, யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அவர்கள் வாயில் அழிப்பதும் அளிப்பதும் ஒரே சத்தம்தான். பாஸ்டர் ஐயா 'அழிப்பேன்' என்ற எழுத்தைப் பார்த்தும் 'அளிப்பேன்' என்று கணீரென்று வாசித்ததற்குக் காரணம் இதுதான். மனசில் இருந்தது சரியான வசனம், நாக்கில் இருந்தது ஒரே சத்தம். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

எங்கள் ஆளுக்கு அப்படி இல்லை. அவர் வாயில் ஒன்று அயிக்கிறது, இன்னொன்று அளிக்கிறது. இரண்டும் கிட்டேகூட வராது.

மாற்ற மாட்டேன்

அன்று மத்தியானமே நான் வேதத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். "பாருங்க, பள்ளிக்கூடத்துக்கு வர்ற ளி. அளிப்பேன். அச்சடிச்சவன் பண்ண தப்பு."

அவர் எட்டிப் பார்த்தார். பொறுமையாக இரண்டு தடவை படித்தார்.

"பொஸ்தகத்துல சரியாத்தான் கீது," என்றார். "அல்லாருக்கும் சரியாத்தான் கீது. என் கைக்கு வர சொல்லோதான் மாறிப் பூடுது."

இத்தனை வருஷம் பிள்ளைகளின் எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறேன். இதற்கு என்ன சொல்வது என்று எந்த டிரெயினிங்கிலும் சொல்லித்தரவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுப் பாஸ்டர் ஐயா மறுநாளே வீட்டுக்கு வந்தார். பாவம், அவருக்குத்தான் ரொம்பக் கஷ்டம். தட்டோடு மிச்ச அட்டைகளையும் எடுத்து வந்திருந்தார்.

"பிரதர், இது பிரஸ்காரர் பண்ண தப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்க. வேற அட்டை தாரேன், எடுங்க."

"மாத்தறதுக்கு இது இன்னா செருப்பாங்க ஐயா, சைசு செரியில்லன்னு?" என்றார் இவர். மரியாதையாகத்தான் சொன்னார். "நல்லதா வர வரைக்கும் எடுத்துக்கினே இருந்தா அதுக்கு பேரு வாக்குத்தத்தமா?"

பாஸ்டர் ஐயா அட்டைகளைத் தட்டில் ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார். நான் கொடுத்த காபியில் ஆடை படிந்துவிட்டது. அதே வசனம் அச்சடித்த மற்ற அட்டைகளையாவது திரும்ப வாங்கிவிடலாம் என்று கிளம்பி, பேபி அக்கா வீட்டுக்குப் போனார். அக்காவுக்கும் அதே வசனம்தான் வந்திருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை மஞ்சள்தூள் டப்பாவில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தார்.

"தர மாட்டேன் ஐயா," என்று அக்கா சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது. "உன் வாயால அளிப்பேன்னு சொல்லிக்கீறே. நான் காதால கேட்டுக்கீறேன். எயுத்து எப்டி இருந்தா எனுக்கு இன்னா?"

இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி அட்டை. ஒரே பிழை. அக்கா அதை வைத்துக்கொண்டு ஆண்டவர் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவார் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் இருந்து பெட்டியை இழுத்தார்.

கல்மண்டபத்துச் சந்தில்

அவருக்குத் தெரிந்த காயலான் கடை கல்மண்டபத்தில் இருந்தது. அச்சாபீஸும் அங்கேதான், கடைக்கு முந்தின சந்து. அவர் பெட்டியோடு கிளம்பியபோது நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ எங்க வரே?"

"பிரஸ்காரனை நாலு வார்த்தை கேக்கணும்."

"நீ தனியாப் போனா சண்டை வலிப்பே."

"அதுக்குத்தான் போறேன்."

"செரி வா. மொதல்ல அது, அப்பால கடை" என்றார். ஷேர் ஆட்டோவில் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தார்.

அச்சாபீஸ் ஒரு நீளமான இருட்டு அறை. மை வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, ஈரக் காகித வாசனை. நடுவில் ஒரு பழைய டிரெடில் அச்சு மெஷின், காலால் மிதிப்பதற்குப் பதிலாக மோட்டார் வைத்தது. காகிதம் எதுவும் போடாமலே அது தட்டுத்தட்டென்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி முழங்கை வரை மையோடு வந்தார். நான் இவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

"என்ன வேலை அண்ணாச்சி பண்ணி வச்சிருக்கீங்க? படிச்சுப் பாருங்க இதை."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராகத்தோடு படித்தார். "வருஷங்களின் விளைவை உங்களுக்குத் திரும்ப அளிப்பேன். நல்ல வசனம்லா? இதுல என்ன கொறை?"

"அளிப்பேன் இல்ல. அழிப்பேன்னு போட்டிருக்கீங்க." நான் நாக்கை நன்றாக மடித்துச் சொன்னேன்.

"அதத்தானம்மா நானும் சொல்லுதேன். அளிப்பேன்."

"அழிப்பேன்!"

"ஆமா, அளிப்பேன்."

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "யோவ் அண்ணாச்சி, அயிப்பேன்னு கீதுய்யா இதுல!"

"அயிப்பேனா?" அண்ணாச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படி ஒரு வார்த்தை வேதத்துலயே கெடையாது தம்பி. நான் ஏன் போடப்போறேன்?"

"எந்த எயுத்துன்னு கேக்கறேன். பயத்துக்கு வர்ற எயுத்தா, பள்ளிக்கூடத்துக்கு வர்ற எயுத்தா?"

"பயத்துக்கா?" அண்ணாச்சி ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, ரொம்ப அன்பாக, "எதுக்குத் தம்பி பயப்படுதிய? வேதம் பூராவும் பயப்படாதேன்னுதான போட்டிருக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இவர் என்னை முறைத்தார். அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் மெஷின் அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

சண்டை அதோடு முடியவில்லை. இவர் விரலை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் கண் அண்ணாச்சி மேல் இல்லை என்பதைக் கவனித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அது மெஷின் பக்கம் போய்ப் போய் வந்தது. கடைசியில் பேச்சைப் பாதியில் விட்டார்.

"மொதல்ல அத்த நிறுத்துய்யா. அப்போலர்ந்து காதுல வுயுந்துக்கினே கீது. புஷ் தேஞ்சி பூட்ச்சி, தெரில?"

"நிறுத்துனா திரும்ப எடுக்காது தம்பி. அதான் சும்மாவே ஓட விட்டுருக்கேன்."

"நான் எடுக்க வெக்கறேன். நிறுத்து."

அண்ணாச்சி சுவிட்சை அணைத்தார். அறையில் திடீரென்று அமைதி. இவர் குனிந்து பெட்டியின் கொக்கியைத் தட்டினார். துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டாவது தட்டில் திறந்தது. அந்தப் பழைய கிரீஸ் வாசனை வந்தது. காலை ஷிப்டு முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவர் மேல் வரும் வாசனை அது. மூன்று வருஷமாக என் வீட்டில் அந்த வாசனை இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புஷ் என்பது சுழலும் தண்டைத் தாங்கிப் பிடிக்கிற பித்தளை வளையம். அது தேய்ந்து தண்டு ஆடிக்கொண்டிருந்ததாம். அவர் படுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் போனார். வெளியே போக மறுபடி மாட்டியிருந்த கல்யாணப் பேன்ட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"ஸ்டெல்லா, அந்த ஸ்பேனர் குடு. அது இல்ல. பக்கத்துல கீறது."

கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்கியது எத்தனை காலத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் மிளகாய் மில் எதுவும் இல்லை, சாக்குச் சொல்லவும் வழியில்லை. அண்ணாச்சி நல்ல மனுஷன். எழுத்துப் பெட்டிகளை ஒழுங்குபடுத்துகிற மாதிரி முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

தகரத்தை வெட்டி உள்ளே அண்டக் கொடுத்து, எண்ணெய் விட்டு, சுவிட்சைப் போடச் சொன்னார். மெஷின் ஒரு தடவை முனகியது. பிறகு கிளம்பிவிட்டது. அந்தத் தட்டுச் சத்தம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

"இது தாங்காது. புது புஷ் கடைஞ்சி போடணும். வியாயக்கெயமை வரேன்" என்றார்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோ ஏறினோம். பெட்டி இப்போது அவர் மடியில் இருந்தது. ஆட்டோ காயலான் கடையைத் தாண்டிப் போனது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

விளைவு

இதைப் படிக்கிற சிலர், தொழிற்சாலை எப்போது திறந்தது என்று கேட்பீர்கள். திறக்கவே இல்லை. இடத்தை விற்றுவிட்டார்கள். இன்று அங்கே கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். அந்த மூன்று வருஷமும் போனது போனதுதான். அவருக்கு நரைத்த முடி கறுக்கவில்லை.

அந்த வசனத்தை நான் பிறகு பல தடவை படித்துப் பார்த்தேன். டீச்சர் புத்தி, வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்க்கும். வருஷங்களைத் திரும்பத் தருவேன் என்று அதில் இல்லை. வருஷங்களின் விளைவைத் தருவேன் என்றுதான் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் அந்த நடு வார்த்தையை விட்டுவிட்டு, கடைசி வார்த்தைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நடக்காததை ஆண்டவர் சொல்லவில்லை. போன காலத்தைக் கேட்கிற நமக்கு, அது கொடுத்திருக்க வேண்டியதைத் தருகிறேன் என்கிறார். எனக்கு இந்த அளவு போதுமானதாக இருக்கிறது.

சொன்னபடி வியாழக்கிழமை அண்ணாச்சியிடம் போனார். அந்தச் சந்தில் இருந்த மற்ற அச்சாபீஸ்காரர்களும் கூப்பிட்டார்கள். பிறகு எங்கள் சபைக்குக் கீழே இருந்த மாவு மில்லும் அவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஜெபத்தில் பெஞ்சு அவ்வளவாக அதிரவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடிக்குத் திரும்பப் போகவில்லை. வாசற்படிப் பக்கமே இருக்கும், நான் தினமும் அதில் இடித்துக்கொண்டு திட்டுவேன். 'வாத்தியாரம்மா வூட்டுக்காரரு' போய், கல்மண்டபத்தில் நான் 'ஃபிட்டர் வூட்டம்மா' ஆனேன். நான் அதற்காகச் சாப்பாட்டை விடவில்லை.

மறுபடி டிசம்பர் வந்தது. சபைக்குப் புது அட்டைகள் அடிக்கிற வேலை. அண்ணாச்சி எழுத்துக்கோர்த்து முடித்து, பிழை பார்க்க ஈர மையோடு ஒரு புரூஃப் எடுத்துவைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். டீச்சரம்மாவைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஒங்களையில்லம்மா," என்றார் அண்ணாச்சி, நாங்கள் இருவரும் போய் நின்றதும். "நீங்க சரியாத்தான் படிப்பிய, ஆனா என் காதுக்கு ரெண்டு எளுத்தும் ஒரே சத்தம்தான். எனக்குக் காதுல விளணும். தம்பி வாயால படிச்சாத்தான் எது எந்த எளுத்துன்னு வெளங்கும்."

ஊரெல்லாம் சிரித்த வாய். டிரெயினிங்கில் என் வகுப்பே சிரித்த அதே பேச்சு, நானே நாக்கை மடிக்கச் சொல்லித் திருத்திய வாய். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனமாகச் சத்தம் போட்டுப் படித்தார். வழி எல்லாம் வயி ஆனது. மழை மயை ஆனது. ஆண்டவர் வாழ்வு தருகிற இடத்தில் வாய்வு தந்தார். எங்கே 'ய' வந்ததோ அங்கே 'ழ' இருக்கிறதா என்று அண்ணாச்சி எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் திருத்துவதில்லை. வாயப்பயம் வாங்கிவரச் சொன்னால் வாங்கி வருகிறேன்.

தாளின் கடைசியில் அந்த வசனம் இருந்தது. போன வருஷம் போட்ட தப்பைச் சரிசெய்ய வேண்டும் என்று அண்ணாச்சியே மறுபடி சேர்த்திருந்தார். இவர் அங்கே வந்ததும் நின்றார். மெஷின் பக்கத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் படித்தார். கடைசி வார்த்தையை மட்டும் இரண்டாம் தடவை படித்தார்.

"அளிப்பேன்."

அண்ணாச்சிக்குப் பதற்றம் வந்துவிட்டது. "என்ன தம்பி? இப்பவும் தப்பா விளுந்திருக்கா?"

அவர் தாளைக் கீழே வைத்தார். கட்டைவிரலில் மை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தப்பு இல்ல அண்ணாச்சி," என்றார். "இந்த வாட்டி என் கைக்கும் சரியாத்தான் வந்துகீது."